எழுபது வளைவு ஏறினால் ஒரு தட்டு சாமைச்சோறு

நாமக்கல்லில் இருந்து சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியாக வரும் சாலை காரவள்ளியில் கொல்லிமலையைத் தொடுகிறது. அங்கிருந்து மலைக்கு மேல் போய்ச் சேர 70 கொண்டை ஊசி வளைவுகள். காரில் வருகிறவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வருவார். சைக்கிளில் வருகிறவருக்கு அது காலை நேரம் முழுவதும் இழுக்கும் வேலை. ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதியிருப்பதால், எத்தனை முடிந்தது, இன்னும் எத்தனை பாக்கி என்று எண்ணிக்கொண்டே மிதிக்கிறார்கள்.

சனி, ஞாயிறு விடியற்காலையில் இந்தச் சாலையில் சைக்கிள்காரர்களைப் பார்க்க முடிகிறது. கியர் சைக்கிள், தலைக்கவசம், பின்னால் ஒரு பை. அடிவாரத்து விவசாயிகளும் மலைமேல் உள்ள மக்களும் முதலில் வேடிக்கை பார்த்தார்கள். இப்போது, ‘இவங்க வர்றதால நமக்கு என்ன கிடைக்கும்?’ என்று கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

பதிலை மலையின் பயிர்களில் இருந்து தொடங்க வேண்டும். அடிவாரத்தில் மரவள்ளி, நிலக்கடலை, சோளம். ஏற ஏறக் காற்று மாறுகிறது. கடல் மட்டத்தில் இருந்து ஏறத்தாழ 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் விரியும் மேட்டு நிலத்தில் சில்வர் ஓக் மரங்களைச் சுற்றி மிளகுக்கொடி, நிழலில் காபி, வீட்டோரம் பலா, சரிவில் அன்னாசி, வாழை. நீர் தேங்கும் பள்ளங்களில் நெல். சைக்கிளில் போகிறவர் இதையெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போகலாம்.

ஆனால், மேட்டில் அவர் அதிகம் பார்க்கப்போவது மரவள்ளிதான். ஒரு காலத்தில் அந்தச் சரிவுகளில் சாமையும் கேழ்வரகும் தினையும் இருந்தன. சேலம், நாமக்கல் பகுதி ஜவ்வரிசி ஆலைகளின் தேவை மலைவரை ஏறியபோது சாமைக்காடு மரவள்ளிக்காடாக மாறியது. மொத்தமாகப் பணம் கிடைக்கும் பயிர் என்பதால் விவசாயியைக் குறை சொல்ல முடியாது. ஆனால், விலையை முடிவு செய்வது ஆலை. கிழங்கு பிடுங்கும்போது சரிவு மண் இளகி, அடுத்த மழையில் கீழே போய்விடுகிறது. சமமட்ட வரப்பு இல்லாத காட்டில் இந்தச் சேதம் கண்ணுக்குத் தெரிந்தே நடக்கிறது.

சாமை குறைந்ததற்கு இன்னொரு காரணம், அதிகம் பேசப்படாத காரணம், உரல். சாமையின் உமி கெட்டியானது. குடும்பத்துக்கு ஒரு வேளைச் சோறு ஆக்கவே பெண்கள் வெகுநேரம் குத்திப் புடைக்க வேண்டும். ரேஷன் அரிசி வாசலுக்கு வந்தபின் அந்தப் பாட்டை யார் படுவார்கள்? 1990-களில் இருந்து எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இந்த மலையில் சிறுதானியங்களுக்காக வேலை செய்தது. விதைகளைக் காப்பாற்றுவதோடு, உமி நீக்கும் சிறு ஆலைகளை ஊருக்குள் கொண்டுவந்ததும் அதில் முக்கியமான பணி. அதனால்தான் கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை, திரிகுலாச் சாமை, பெருஞ்சாமை என்ற பெயர்களை இன்றும் இங்கே கேட்க முடிகிறது.

சைக்கிள்காரர் வருவது இந்த இடத்தில்தான். காரில் வரும் குடும்பம் சாப்பாட்டையும் தண்ணீரையும் கீழே இருந்தே கட்டிக்கொண்டு வரும். அருவியைப் பார்த்துவிட்டு மாலையில் இறங்கிவிடும். மிச்சம் வைப்பது சிப்ஸ் பாக்கெட்டை. (அதைப் பொறுக்குவதற்கு குரங்குகள் மட்டும் தவறாமல் வருகின்றன.) சைக்கிளில் சுமை ஏற்ற முடியாது. மேலே வந்து சேரும்போது பசி உயிர் போகும். “அக்கா, சாப்பிட ஏதாவது கிடைக்குமா?” என்று அவர் கேட்காமல் போகமாட்டார். “உட்காருங்க தம்பி, சாமைச்சோறும் மொச்சைக் குழம்பும் இருக்கு” என்று சொல்ல ஒரு வீடு இருந்தால், சாமை மூட்டைக் கணக்கில் போகாமல் தட்டுக் கணக்கில் போகும். வியாபாரி கொடுக்கும் கிலோ விலையையும், ஒரு கிலோ அரிசியில் எத்தனை தட்டு போடலாம் என்பதையும் வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டாலே வித்தியாசம் தெரியும்.

பத்து இருபது சைக்கிளால் ஒரு மலையின் பயிர்முறை மாறிவிடாது. அப்படி யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆனால், கால் ஏக்கர் சாமையை விடாமல் வைத்திருக்க ஒரு குடும்பத்துக்கு அது காரணமாகலாம். திரும்பும்போது அதே ஆள் நூறு கிராம் மிளகு, ஒரு பொட்டலம் காபித்தூள், சிறு பாட்டில் தேன் வாங்குவார். எடை குறைந்த, விலை கூடிய சரக்குதான் சைக்கிள் பைக்கு ஏற்றது. பலாப்பழத்தை முழுதாகக் காட்டிப் பயனில்லை. சுளையாக எடுத்து இலையில் வைத்தால் போகும்.

இதற்கு ரிசார்ட் கட்ட வேண்டியதில்லை. சுத்தமான குடிநீர், சுத்தமான கழிப்பறை, சைக்கிளைச் சாய்த்து வைக்க நிழல், பஞ்சர் ஒட்டும்வரை உட்கார ஒரு திண்ணை போதும். காசு வாங்கிச் சாப்பாடு போடுகிறவர்கள் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ள வேண்டும். சிறு வியாபாரத்துக்குப் பதிவுக் கட்டணம் குறைவுதான். இரவு தங்க வைப்பதென்றால் சுற்றுலாத் துறையிடம் முறையாகக் கேட்டுச் செய்வது நல்லது. ‘தங்கும் விடுதி கட்டுகிறோம், நிலத்தைக் கொடுங்கள்’ என்று வருகிறவரிடம் எதிலும் கையெழுத்துப் போடும் முன் பட்டாவின் நிபந்தனைகளைக் கிராம நிர்வாக அலுவலரிடம் காட்டிக் கேட்டுக்கொள்ளவும்.

மேலே ஏறியபின் அமைதியான சாலை சோளக்காட்டில் இருந்து செம்மேடு போய், வாசலூர்ப்பட்டி பக்கமாக அறப்பளீஸ்வரர் கோயில் வரை போகும் ஏற்ற இறக்கச் சாலை. செம்மேட்டில் குதிரைமேல் வல்வில் ஓரி சிலை. கோயிலுக்குக் கீழே அய்யாறு ஆகாய கங்கையாக விழுகிறது. படிகள் ஆயிரத்துக்கு மேல் என்பதால், மிதித்துக் களைத்த காலோடு அன்றே இறங்குவது புத்திசாலித்தனம் அல்ல. முள்ளுக்குறிச்சி பக்கமிருந்து ஏறும் மாற்றுச் சாலையில் வளைவுகள் குறைவு. ஆடி 17, 18-ல் ஓரி விழாவுக்குக் கூட்டம் அலைமோதும். அமைதி வேண்டுவோர் அந்த நாட்களைத் தவிர்க்கலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் கல் சரியும்.

ஏறுவதைவிட இறங்குவதில்தான் விபத்து. பிரேக்கை ஒரேயடியாக அழுத்திக்கொண்டே இறங்கினால் சக்கரத்தின் விளிம்பு சூடேறி ட்யூப் வெடிக்கும். முன்னும் பின்னும் மாற்றி மாற்றி, விட்டு விட்டுப் பிடிக்க வேண்டும். ஒவ்வொரு பத்து வளைவுக்கும் நின்று தொட்டுப் பார்த்தால் நல்லது. மேலேறும் பேருந்துக்கு வழிவிட்டு ஓரமாக நிற்கவும். பொழுது சாய்ந்தபின் இறங்கவே கூடாது. உள்ளூர்ப் பிள்ளைகள் கியர் இல்லாத சைக்கிளில் பள்ளி போய் வருகிறார்கள்; அவர்களுக்கும் இது பொருந்தும்.

கல்வராயன் மலையில் கருமந்துறை, வெள்ளிமலைப் பக்கமும், ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூர், காவலூர் பக்கமும் இதே போல் வாகனம் குறைந்த சாலைகள் உண்டு. ஜவ்வாது மலையில் சாமை இன்றும் முக்கியப் பயிர் என்பதால் அங்குள்ள குடும்பங்களுக்கு இந்த வேலை இன்னும் எளிது.

கொல்லிமலையில் சைக்கிளுக்கு நல்ல காலம் மார்கழி, தை, மாசி. ஆடியை ஒட்டி விதைக்கும் சாமை அறுவடையாகி, காய்ந்து, குத்த ஆயத்தமாக இருக்கும் நேரமும் அதுவே. குறுகிய நாளில் வரும் கட்டவெட்டி முந்திக்கொள்ளும். பெருஞ்சாமை தாமதமாக வரும். கால் ஏக்கர் ஒதுக்க நினைப்பவர்கள், பக்கத்து ஊரில் யார் வீட்டில் எந்த விதை இருக்கிறது என்பதைச் சித்திரை முடிவதற்குள் விசாரித்து வைத்துக்கொள்ளட்டும்.