தலைவரைப் பார்த்துப் பேசுங்கள்!

பிழைக்க வந்த ஊரில் தமிழ்ச் சங்கத்தின் பொதுக்குழு ஞாயிறு மாலை ஒழுங்காகத்தான் தொடங்கும். வரவு-செலவு வாசிக்கும்போது பின் வரிசையில் ஒருவர் எழுந்து, "பொங்கல் விழாவுக்குப் பந்தல் செலவு இவ்வளவா?" என்பார். நியாயமான கேள்விதான். ஆனால், பதில் வருவதற்குள் பொருளாளரின் சொந்த ஊர், மைத்துனர், அவர் குடியிருக்கும் வீடு எல்லாம் சபைக்கு வந்துவிடும். பந்தல் கணக்கு அப்படியே நிற்கும். அடுத்த வருஷம் அதே ஊரில் இரண்டு சங்கங்கள்!

இதைவிடப் பெரிய சபையும் இப்படிக் கொதித்ததுண்டு. 1946 டிசம்பர் 10ஆம் தேதி டில்லியில் அரசியல் நிர்ணய சபை கூடியிருந்தது. ஐக்கிய மாகாண உறுப்பினர் ஆர். வி. துலேகர் இந்துஸ்தானியில் பேச எழுந்தார். பலருக்கு அந்த மொழி புரியாது என்று தற்காலிகத் தலைவர் சச்சிதானந்த சின்ஹா சொன்னதும், இந்துஸ்தானி தெரியாதவர்களுக்கு இந்தியாவில் இருக்க உரிமையில்லை என்றார் துலேகர். ஒரே அமளி. அவரை இருக்கைக்குத் திரும்பச் சொன்னவர் தெற்கத்தியர் அல்ல. அதே மாகாணத்துக்காரரான நேரு. எதிர்க்கட்சிக்காரர் அதட்டியிருந்தால் தீ இன்னும் பரவியிருக்கும்.

1948 நவம்பரில் டி. டி. கிருஷ்ணமாச்சாரி தெற்கின் மனக்குறையை அதே சபையில் வெளிப்படையாகவே சொன்னார். முழு இந்தியா வேண்டுமா, இந்தி இந்தியா வேண்டுமா என்று ஐக்கிய மாகாண நண்பர்களே முடிவு செய்யட்டும் என்றார். கடுமையான பேச்சுதான். ஆனால், யாருடைய யோக்கியதையையும் அவர் இழுக்கவில்லை.

1949 செப்டம்பர் 12இல் ஆட்சிமொழி விவாதம் வந்தபோது, முந்நூறுக்கு மேற்பட்ட திருத்தங்கள் குவிந்திருந்தன. எண்களை எந்த வடிவில் எழுதுவது என்பதில்கூடச் சண்டை. தலைவர் ராஜேந்திர பிரசாத் பீகார்க்காரர், இந்தி ஆதரவாளர். ஆனால், தொடக்கத்திலேயே அவர் உறுப்பினர்களைக் கேட்டுக்கொண்டது, பிறர் மனம் புண்படும்படி பேசவேண்டாம் என்பதைத்தான். பெரும்பான்மை வோட்டில் ஜெயித்தாலும், வடக்கிலோ தெற்கிலோ பெரும்பகுதி மக்கள் ஏற்காவிட்டால் அமல்படுத்துவது கஷ்டம் என்றும் எச்சரித்தார். கை தூக்கித் தோற்றவர்களோடும் மறுநாள் குடித்தனம் நடத்தியாக வேண்டுமே!

மூன்று நாள் காரசாரத்துக்குப் பின், முன்ஷியும் கோபாலசாமி அய்யங்காரும் வகுத்த சமரசம் 14ஆம் தேதி நிறைவேறியது. தேவநாகரி எழுத்தில் இந்தி ஆட்சிமொழி. ஆங்கிலம் 15 ஆண்டு நீடிக்கும். எண்கள் சர்வதேச வடிவில். இதில் முழுத் திருப்தி யாருக்குமில்லை. 1965இல் சென்னை ராஜ்யத்தில் கிளர்ச்சி வெடித்தது தனிக்கதை. ஆனாலும், அந்த 1949 செப்டம்பரில் சபை உடையவில்லை.

சட்டசபைகளில் உறுப்பினர்கள் ஒருவரையொருவர் பார்த்துப் பேசுவதில்லை. தலைவரை விளித்தே பேசவேண்டும். வெறும் சம்பிரதாயம் என்று தோன்றும். சங்கத்தில் செய்து பார்த்தால் தெரியும். "நீ தின்ற காசு" என்று பொருளாளரிடம் பாய்கிறவர், தலைவரிடம் திரும்பி, "தலைவர் அவர்களே, பந்தல் ரசீதைக் காட்டச் சொல்லுங்கள்" என்றுதான் சொல்ல முடியும். அதற்கும் சூடு தணியவில்லையா? ரசீது வரட்டும் என்று சொல்லிவிட்டு, கால் மணி நேரம் டீக்கு ஒத்திவைக்கலாம். வராந்தாவில் நின்று டீ குடிக்கும்போது, துலேகரிடம் நேரு போனமாதிரி, சண்டைக்காரரின் தோளைத் தொட அவருடைய ஊர்க்காரர் ஒருவர் இருந்தால் போதும்.