யாருடைய புக்கிட் மேரா?

ரவாங் ஈயலம்பங்களில் வேலை பார்த்தவர்களுக்கு அமாங் தெரியும். ஈயத்தைப் பிரித்த பிறகு மிஞ்சும் கருப்பு மணல். என் அப்பா இளவயதில் அமாங் கொட்டகையில் கூலிக்கு இருந்தவர். வேலை முடிந்து வந்தால், கிணற்றடியில் குளிக்காமல் அம்மா அவரை வாசற்படி ஏறவிட மாட்டார். அந்த மணலில் மோனசைட் என்ற கனிமம் உண்டு, அதற்குள் கதிர்வீசும் தோரியம் உண்டு என்பதையெல்லாம் நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியையான பிறகுதான் பத்திரிகையில் படித்தேன். அந்தச் செய்தி ஈப்போவுக்கு அருகே உள்ள புக்கிட் மேராவைப் பற்றியது.

1982இல் அங்கே ஏஷியன் ரேர் எர்த் ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. அதில் ஜப்பானின் மிட்சுபிஷி கெமிக்கலுக்கு 35 விழுக்காடு பங்கு. மோனசைட்டிலிருந்து அரிய மண் தனிமங்களைப் பிரித்தெடுப்பது அதன் வேலை. அந்தக் காலத்து வண்ணத் தொலைக்காட்சித் திரையில் சிவப்பு ஒளிர இட்ரியம் வேண்டும்; அதுவும் மோனசைட்டில் கிடைக்கும். மிஞ்சுவது தோரியக் கழிவு. செர்னோபிலைப் போல அங்கே உலை எதுவும் வெடிக்கவில்லை. கழிவு ஆலைக்குப் பின்னால் கிடந்தது, அவ்வளவுதான். பலருக்கு இது ஒரு விபத்தாகவே தோன்றாமல் போனதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். 1984இல் அந்தக் கழிவைப் பாப்பான் என்ற சிற்றூருக்கு அருகே புதைக்கப் பார்த்தபோது ஊர்மக்கள் மறியலில் இறங்கினார்கள். 1985 பிப்ரவரியில் புக்கிட் மேராக்காரர்கள் ஈப்போ உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள்.

வழக்கு இழுத்த இழுப்பு சாதாரணமானதல்ல. 1985 அக்டோபரில் இடைக்காலத் தடை. 1987இல் உரிமம் பெற்று ஆலை மறுபடியும் ஓடியது. அந்த ஆண்டு ஏப்ரலில் ஏறக்குறைய பத்தாயிரம் பேர் ஊர்வலம் போனார்கள். அக்டோபரில் ஓப்பராசி லாலாங் கைது நடவடிக்கை வந்தது. போராட்டக் குழுவினரோடு சேர்த்து, அவர்களுக்காக வாதாடிய வழக்கறிஞர் மீனாட்சி ராமனும் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் உள்ளே போனார். வழக்காட வந்தவரையே பிடித்து அடைத்த அந்தக் கொடுமை இன்றும் எனக்கு ஆறவில்லை. 1992 ஜூலை 11இல் ஆலையை மூடச் சொல்லித் தீர்ப்பு வந்தது. 1993 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. ஊர் சட்டப்படி தோற்றது. ஆனால் அடுத்த மாதமே, ஆலையை மூடுவதாக நிறுவனம் தானாகவே அறிவித்தது.

என் அக்கா வாழ்க்கைப்பட்டது மெங்லெம்புவில், புக்கிட் மேராவுக்குப் பக்கத்திலேயே. பள்ளி விடுமுறைக்கு நான் அங்கே போகும்போது, கச்சானை உடைத்துக்கொண்டே இதைப் பற்றிக் கேட்பேன். “அது சீனக் கம்பத்து விஷயம்டி, நமக்கென்ன?” என்பார். அக்காவை மட்டும் சொல்லிப் பயனில்லை. மீனாட்சி ராமன் தமிழர். குழந்தைகளின் உடல்நலம் பற்றிக் குரல் கொடுத்த டாக்டர் தி. ஜெயபாலன் தமிழர். ஊருக்குத் துணைநின்ற பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தின் அன்றைய தலைவர் எஸ்.எம். முகமது இட்ரிஸ் தமிழ் முஸ்லிம். அமாங் மணலில் நின்றவர்களிலும் என் அப்பாவைப் போன்றவர்கள் இருந்தார்கள். இருந்தும் தோட்டத் துண்டாடல் பற்றிக் கதை கதையாய்ப் பேசும் நாம் புக்கிட் மேராவை நம் கணக்கில் சேர்த்துக்கொள்ளவே இல்லை.

அந்தச் சீனக் குடும்பங்கள் மறக்கவில்லை. ஊரில் பிள்ளைகளுக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது. ஆலைதான் காரணம் என்று ஊர் சொன்னது, நிறுவனம் மறுத்தது. குறையோடு பிறந்த பிள்ளையைப் பல ஆண்டுகள் மடியில் வைத்துப் பார்த்துக்கொண்ட தாய்க்கு நினைவுச்சின்னம் எதற்கு?

துப்புரவு வேலை எந்த ஆரவாரமும் இல்லாமல் நடந்தது. ஆலையை இடித்தார்கள். கிளேடாங் காட்டு மலை ஒன்றின் உச்சியை வெட்டி, கழிவை உள்ளே வைத்து, களிமண்ணாலும் கருங்கல்லாலும் மூடினார்கள். நியூயார்க் டைம்ஸ் 2011இல் எழுதிய பிறகுதான் செலவு 10 கோடி அமெரிக்க டாலர் என்பதே வெளியில் பலருக்குத் தெரிந்தது. தோரியத்தின் கதிர்வீச்சு பாதியாகக் குறைய ஏறத்தாழ 1,400 கோடி ஆண்டு ஆகும். புகுஷிமா மாநிலத்தின் ஃபுதாபாவில் அணு உலை விபத்து நடந்து பத்தாண்டு முடிவதற்குள், 2020இல், அரும்பொருளகம் திறந்து பள்ளிப்பிள்ளைகளை அழைத்துப் போகிறார்கள். நம் பள்ளிப்பிள்ளைகள் கெல்லிஸ் மாளிகைக்குச் சுற்றுலா போவார்கள், கிளேடாங்கில் என்ன இருக்கிறது என்று கேட்டால் விழிப்பார்கள்.

ஆனாலும் அந்த நினைவு வேறு வழியில் நடந்து போயிருக்கிறது. குவாந்தான் அருகே கெபெங்கில் லைனாஸ் ஆலை வருகிறது என்றதும், 2011இலும் 2012இலும் அங்கே திரண்டவர்கள் முதலில் எடுத்த பெயர் புக்கிட் மேரா. பழைய போராட்டக்காரர்களைத் தேடிப் போய்க் கேட்டார்கள்; அவர்களும் வந்து பேசினார்கள். ஆலையைத் தடுக்க முடியவில்லை. ஆனால் கழிவு எங்கே போகும் என்ற கேள்வி அதன் உரிமத்தை இன்றுவரை விடாமல் துரத்துகிறது.

இப்போது பேராக்கிலேயே, கெனெரிங் பக்கம், களிமண்ணிலிருந்து அரிய மண் எடுக்கும் முன்னோடித் திட்டம் நடக்கிறது. இது கதிரியக்கமில்லாத வகை என்பதை அரசு ஒவ்வொரு முறையும் அழுத்திச் சொல்கிறது. அம்மோனியம் சல்பேட் கரைசலை மண்ணுக்குள் செலுத்திக் கரைத்தெடுக்கும் முறை. பயம் கதிர்வீச்சைப் பற்றியல்ல, தண்ணீரைப் பற்றியது. போன மாதம் அக்காவுக்குப் போன் போட்டு அந்தச் செய்தியை வாசித்துக் காட்டினேன்.

“அப்பவும் ஒண்ணும் ஆகாதுன்னுதானே சொன்னாங்க,” என்றார். “எந்த ஆத்துப் பக்கமாம்? அதைப் போட்டிருக்கானா பாரு.”