களஞ்சியம் காக்கும் பூனை!
குட்டி போடும் காலத்தில் அதைக் காப்பது எப்படி?

நெல் உள்ள இடத்துக்கு எலி வரும். எலி உள்ள இடத்துக்குப் பூனை வரும். இரண்டையும் யாரும் அழைக்க வேண்டியது இல்லை.

தாமிரபரணிக் கரையில் கார், பிசானம் என்று இரண்டு போகம் நெல் விளைகிறது. அறுவடை முடிந்து மூட்டைகள் அடுக்கப்பட்டதும் எலிக்குக் கொண்டாட்டம். எலி தின்பது கொஞ்சம்தான். சிதறுவதும் அசுத்தப்படுத்துவதும் அதிகம். அதன் சிறுநீரால் எலிக்காய்ச்சல் என்ற கொடிய நோயும் பரவுகிறது.

திருநெல்வேலியை அடுத்த மேலப்பாளையம் நெசவுக்குப் பெயர் பெற்ற ஊர். நெசவுக்கு முன் பாவு நூலுக்குக் கஞ்சி போடுவார்கள். அந்தக் கஞ்சிப் பசையை எலி விடாது. செவ்வாய்க்கிழமைதோறும் கால்நடைச் சந்தை கூடும் ஊரும் அதுவே. ஆடு, மாடு வளர்க்கும் வீட்டில் தவிடு, புண்ணாக்கு, வைக்கோல் எல்லாம் இருக்கும். எலிக்கு வேறு என்ன வேண்டும்?

ஆகவே தொழுவத்திலும், அரிசிக் கடையிலும், வைக்கோல் படப்பிலும் ஒரு பூனை குடியிருக்கும். அது யாருடைய செல்லப் பூனையும் அல்ல. அதற்குப் பெயர் கிடையாது. கூலியும் கிடையாது! இரவெல்லாம் காவல் காக்கும்.

அந்தப் பூனை சினையானால்தான் தொல்லை. சிலர் விரட்டிவிடுகிறார்கள். சிலர் பிறந்த குட்டிகளைச் சாக்கில் போட்டு ஊருக்கு வெளியே விட்டுவிடுகிறார்கள். தாயைப் பிரிந்த பச்சைக் குட்டி ஓர் இரவு தாங்குவதே கடினம். கொஞ்சம் விவரம் தெரிந்தால் இந்தக் கொடுமைக்குத் தேவையே இல்லை.

பழைய உறவு

மனிதனுக்கும் பூனைக்கும் உள்ள உறவு களஞ்சியத்தில் தொடங்கியது என்பது ஆராய்ச்சியாளர் கருத்து. மனிதன் தானியத்தைச் சேமித்தான். எலி வந்தது. எலியைத் தேடிக் காட்டுப் பூனை வந்தது. சைப்ரஸ் தீவில் சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முந்திய கல்லறை ஒன்றில், மனிதனுக்கு அருகிலேயே ஒரு பூனையும் புதைக்கப்பட்டிருந்தது. இச்செய்தி 2004-ஆம் ஆண்டில் வெளியானது.

இஸ்லாமிய மரபிலும் பூனைக்குத் தனி இடம் உண்டு. நபித்தோழர் அபூ ஹுரைரா அவர்களின் பெயருக்கே ‘பூனைக்குட்டியின் தந்தை’ என்று பொருள். பூனையைக் கட்டிவைத்துப் பட்டினி போட்ட பெண் தண்டனை பெற்றாள் என்பது நபிமொழி. மேலப்பாளையத்தில் சிறு பிள்ளைகளும் கேட்டிருக்கக்கூடிய செய்தி இது.

பட்டினி போட்டால் எலி பிடிக்குமா?

“சோறு போட்டால் பூனை எலி பிடிக்காது” என்று சொல்வார்கள். இது தவறு. வேட்டை பூனையின் பிறவிக் குணம். வயிறு நிறைந்த பூனையும் எலியைக் கண்டால் பாயும். பட்டினிப் பூனையோ மெலிந்து நோயில் விழும். அல்லது வேறு தெருவுக்குப் போய்விடும்.

வெறும் பால் சோறும் போதாது. பூனைக்கு மீனோ இறைச்சியோ அவசியம். அவற்றில் டாரின் என்ற சத்து இருக்கிறது. அது குறைந்தால் பூனையின் கண்ணும் இதயமும் கெடும். இதயம் கெடுவதை 1987-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் கண்டறிந்தார்கள். மீன் கழுவும்போது கழிக்கும் தலையை முள் நீக்கி வேகவைத்துக் கொடுத்தாலும் நல்லது. பக்கத்தில் தண்ணீர் எப்போதும் இருக்கட்டும்.

சினைப் பூனைக்கு ஓர் இடம்

பூனையின் சினைக் காலம் சுமார் 9 வாரம். மூன்றாம் வாரத்தில் முலைக்காம்பு சிவந்து தடிக்கும். ஐந்தாம் வாரத்தில் வயிறு தெரியும். அப்போது முதல் உணவைக் கூட்டிப் பல வேளையாகக் கொடுக்க வேண்டும்.

நாள் நெருங்கினால் இருட்டு மூலையைத் தேடும். ஓர் ஓலைப்பெட்டியோ அட்டைப்பெட்டியோ போதும். பழைய சேலைத் துணியை விரித்து, மழையும் நாயும் அண்டாத மூலையில் வையுங்கள். பெரும்பாலும் 3 முதல் 5 குட்டிகள் பிறக்கும். பூனை தானே எல்லாம் பார்த்துக்கொள்ளும். அரைமணி நேரம் விடாமல் முக்கியும் குட்டி வரவில்லை என்றால் உடனே கால்நடை டாக்டரிடம் கொண்டுபோக வேண்டும்.

வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடக் கூடாது. பூனை ஏழு வீடு மாறும் என்பார்கள். ஏழு என்பது கணக்கு அல்ல. தொந்தரவு இருந்தால்தான் குட்டியைக் கவ்விக்கொண்டு இடம் மாறுகிறது.

முதல் நாளில் குடிக்கும் சீம்பால் குட்டிக்கு நோய் தடுக்கும் மருந்து. 7 முதல் 10 நாளில் கண் திறக்கும். நான்காம் வாரத்தில் மசித்த மீனை நக்கத் தொடங்கும். எட்டு வாரம் ஆகும் முன் குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது.

தனியாகக் கிடக்கும் குட்டி

குட்டி தனியே கத்தினால் உடனே தூக்கிவிடாதீர்கள். தாய் இரை தேடப் போயிருக்கலாம். எட்ட நின்று சில மணி நேரம் கவனியுங்கள். குட்டி குளிர்ந்துபோயிருந்தாலோ, அதற்கு ஆபத்து இருந்தாலோ மட்டும் உடனே எடுக்க வேண்டும்.

தாய் வராவிட்டால் முதலில் துணியில் சுற்றிச் சூடு கொடுக்க வேண்டும். குளிர்ந்த குட்டிக்குப் பால் புகட்டுவது ஆபத்து. பசும்பாலால் வயிற்றுப்போக்கு உண்டாகும். பூனைக்குட்டிக்கென்றே விற்கும் பால்மாவை வாங்கிக் கொடுக்க வேண்டும். குப்புறக் கிடக்கும் நிலையில் புகட்ட வேண்டும். மல்லாத்தினால் பால் நுரையீரலுக்குப் போய்விடும். மூன்று வாரம் வரை குட்டி தானாகச் சிறுநீர் கழிக்காது. தாய் நக்கிவிடுவது இதற்காகத்தான். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சை, சூடு தணிந்தபின் எடுத்து மெதுவாகத் துடைத்துவிட வேண்டும்.

இவற்றை மறவாதீர்!

காய்ச்சலுக்கு மனிதர் சாப்பிடும் பாரசிட்டமால் மாத்திரை பூனைக்கு விஷம். ஒரு மாத்திரையே கொன்றுவிடும். வெங்காயமும் பூண்டும் ஆகாது.

பூனை உள்ள இடத்தில் எலி மருந்து வைக்காதீர்கள். மருந்து தின்ற எலியைத் தின்றால் பூனையும் சாகும்.

பூனை கடித்தாலோ கீறினாலோ, சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அரசு ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள். பூனைக்கும் வெறிநோய் வரும். குட்டிக்கு மூன்று மாதத்தில் தடுப்பூசி போடலாம்.

கர்ப்பிணிகள் பூனையின் மலத்தை அள்ளக் கூடாது. அதில் உள்ள ஒரு வகைக் கிருமி கருவைப் பாதிக்கலாம். அதற்காகப் பூனையை விரட்ட வேண்டியது இல்லை. வீட்டில் வேறொருவர் அந்த வேலையைச் செய்தால் போதும்.

ஒரே ஓர் ஆபரேஷன்

பால் கொடுக்கும்போதே பூனை மறுபடியும் சினையாகிவிடும். ஆகவே குட்டிகள் பால் மறந்ததும் தாய்க்குக் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் செய்துவிடுவது நல்லது. ஆபரேஷனுக்குப் பிறகும் பூனை எலி பிடிக்கும். திருநெல்வேலிக்கு அருகே ராமையன்பட்டியில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே யோசனை கேட்கலாம்.

வளர்த்த பிராணியைப் பட்டினியில் தவிக்கும்படி கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். இத்தகைய சட்டம் வேண்டும் என்று ராஜ்யசபையில் முதலில் குரல் எழுப்பியவர் நாட்டிய மேதை ருக்மிணி தேவி அருண்டேல்.

சட்டம் இருக்கட்டும். ஓர் ஓலைப்பெட்டி, இரண்டு மாத உணவு, ஓர் ஆபரேஷன்: களஞ்சியத்தைக் காத்த பூனைக்கு இந்தக் கூலி அதிகமா?