குண்டூசி ஊரில் ஞாயிறு பள்ளி

குழந்தைகளே! ஞாயிற்றுக்கிழமை வந்தாலே உங்களுக்குக் கொண்டாட்டம்தான். அன்றைக்கும் பள்ளிக்கு வரச் சொன்னால் போவீர்களா? 'ஐயோ, சார்!' என்று ஓடிவிடுவீர்கள். ஆனால், 240 ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் பல பிள்ளைகளுக்குப் படிக்கக் கிடைத்தது அந்த ஒரு நாள்தான். மற்ற ஆறு நாளும் வேலை!

குளோஸ்டர் என்ற ஊர் அப்போது குண்டூசிக்குப் பெயர் பெற்றது. ஏழைப் பிள்ளைகள் பலர் குண்டூசிப் பட்டறைகளில் வேலை பார்த்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாது. ஞாயிறன்று தெருவெல்லாம் கூச்சல், சண்டை, கெட்ட வார்த்தை!

அவ்வூரில் ராபர்ட் ரெய்க்ஸ் என்ற பத்திரிகையாளர் இருந்தார். சிறைக் கைதிகளுக்கு உதவி வந்தவர். தப்பு செய்த பிறகு தண்டிப்பதைவிட, சிறு வயதிலேயே நல்வழி காட்டுவது மேல் என்று நினைத்தார். 'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?' என்று நாமும் சொல்கிறோம் அல்லவா?

1780ல், தாமஸ் ஸ்டாக் என்ற பாதிரியாருடன் சேர்ந்து ஞாயிறு பள்ளியைத் தொடங்கினார். நான்கு பெண்களை ஆசிரியைகளாக அமர்த்தினார். நாள் சம்பளம் ஒரு ஷில்லிங். அவர்கள் வாசிக்கக் கற்றுக் கொடுத்தார்கள். கிறிஸ்தவ சமயப் பாடங்களையும் சொல்லித் தந்தார்கள்.

'கிழிந்த சட்டையோடு எப்படி அனுப்புவது?' என்று பெற்றோர் தயங்கினர். 'முகமும் கையும் சுத்தமாக இருக்கட்டும், தலை வாரியிருக்கட்டும். அது போதும்' என்றார் ரெய்க்ஸ். நன்றாக நடந்து கொண்டவர்களுக்குப் புத்தகமும் சீப்பும் பரிசு! ஒருவரிடம் ஒருவர் அன்பாக இரு, பெற்றோர் சொல் கேள், கெட்ட வார்த்தை பேசாதே என்பவையே அவர் வற்புறுத்திய பாடங்கள்.

அவருக்கு முன்பே, 1769ல் ஹன்னா பால் என்ற பெண்மணி இத்தகைய பள்ளியை நடத்தியிருக்கிறார். ஆனால், ரெய்க்ஸ் தம் பத்திரிகையில் எழுதியதும் இது நாடெங்கும் பரவியது. 1831ல் பிரிட்டனில் சுமார் 12 லட்சம் பிள்ளைகள் ஞாயிறு பள்ளிகளில் படித்தார்கள். இங்கிலாந்தில் எல்லாக் குழந்தைகளுக்கும் பள்ளிப்படிப்பு கட்டாயமானதோ 1880ல்தான்!

இன்று நம் ஊர்த் தேவாலயங்களிலும் ஞாயிறு பள்ளி, மறைக்கல்வி வகுப்புகள் நடக்கின்றன. எந்தச் சமயத்து ஆசிரியராக இருந்தாலும் சரி, 'அன்பாயிரு' என்று வாயால் சொன்னால் மட்டும் போதாது. கிழிந்த சட்டைப் பிள்ளையையும் பக்கத்தில் உட்கார வைக்க வேண்டும். அதைப் பார்க்கும் பிள்ளைகளுக்கு அதுவே பாடம்.

சரி, உங்களுக்கும் ஒரு வீட்டுப்பாடம். வகுப்பில் யாரும் சேர்த்துக்கொள்ளாத ஒரு பிள்ளை இருப்பான் அல்லது இருப்பாள். நாளைக்கு அந்தப் பிள்ளையின் பக்கத்தில் போய் உட்காருங்கள். செய்வீர்கள்தானே?