டஸ்கனிக் காட்டுக்குள் சைக்கிளில் போனால் என்னவெல்லாம் காத்திருக்கிறது தெரியுமா?

இத்தாலியின் டஸ்கனி என்றதும் காலண்டர் படம்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். திராட்சைத் தோட்டம், வரிசையாக நிற்கும் சைப்ரஸ் மரங்கள், குன்றின் மேல் ஒரு கல்வீடு. ஆனால் டஸ்கனியில் ஏறத்தாழப் பாதி நிலம் காடு என்பது தெரியுமா? ஒயினுக்கு உலகப் புகழ் பெற்ற கியாந்தி கிளாசிக்கோ வட்டாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தப் பரப்பு சுமார் 70,000 ஹெக்டேர். அதில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு ஓக்கும் செஸ்நட்டும் அடர்ந்த காடு! திராட்சைக்குக் கிடைத்திருப்பது மிச்சத்தில் ஒரு பங்குதான். காரில் போகிறவர்கள் தோட்டத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். சைக்கிளில் போகிறவருக்குத்தான் காட்டுப்பன்றி இரவில் கிளறிப்போட்ட மண்ணும், மழை விட்ட மறுநாள் எழும் காளான் வாசமும், ஒரு வளைவு திரும்பியதும் சட்டென்று முகத்தில் மோதும் குளிர்ச்சியும் கிடைக்கின்றன.

அந்தக் காட்டுக்குள்ளும் குன்றுகளுக்கு மேலும் ஓடும் சாலைகள் இன்னும் பெரிய அதிசயம். தார் இல்லை, சிமென்ட் இல்லை. உள்ளூர்க் கல்லை நொறுக்கிப் பரப்பிய வெள்ளைச் சாலைகள்! வெயில் நாளில் சைக்கிளும் ஆளும் மாவு மில்லில் வேலை பார்த்துவிட்டு வந்ததுபோல் ஆகிவிடுவார்கள். ஐரோப்பாவின் பணக்கார நாடொன்றில் இவ்வளவு மண்சாலை எப்படித் தப்பிப் பிழைத்தது? சைக்கிள்தான் காப்பாற்றியது என்றால் நம்புவீர்களா?

1990களில் இந்தச் சாலைகள் ஒவ்வொன்றாகத் தார் பூசப்பட்டு வந்தன. கயோலே இன் கியாந்தி என்ற சிற்றூரைச் சேர்ந்த ஜான்கார்லோ ப்ரோக்கிக்கு அது பொறுக்கவில்லை. 1997இல் 'எரோய்க்கா' என்ற சைக்கிள் ஓட்டத்தைத் தொடங்கினார். முதல் முறை வந்தவர்கள் 92 பேர். இன்று உலகின் பல மூலைகளிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் அக்டோபர் மாதம் அந்த ஊரில் கூடுகிறார்கள். இதில் யார் முதலில் வந்தார் என்ற பேச்சே கிடையாது. அடிப்படை விதி ஒன்றுதான்: சைக்கிள் 1987க்கு முந்தையதாக இருக்க வேண்டும்!

அந்த விதி எவ்வளவு நுணுக்கமானது தெரியுமா? கியர் மாற்றும் நெம்புகோல் ஹேண்டில்பாரில் இருக்கக் கூடாது, ஃபிரேமின் சாய்ந்த குழாயில்தான் இருக்க வேண்டும். அதாவது கியர் மாற்ற வேண்டுமென்றால், கல் உருளும் இறக்கத்திலும் ஒரு கையை எடுத்துக் கீழே நீட்டியாக வேண்டும். பிரேக் கேபிள் ஹேண்டில்பார் டேப்புக்குள் ஒளியாமல் வெளியே வளைந்து தெரிய வேண்டும். பெடலில் கால்விரலைப் பிடித்து நிறுத்தக் கம்பிக்கூடும் தோல்வாரும். உடம்பில் கம்பளிச் சட்டை. மிக நீண்ட தடம் 209 கிலோமீட்டர், ஏற்றங்களைக் கூட்டினால் 3,500 மீட்டருக்கு மேல்! இளைப்பாறும் இடங்களில் ஊட்டச்சத்து ஜெல் பாக்கெட்டுகளைத் தேடாதீர்கள். பழைய ரொட்டியும் பீன்ஸும் கருங்கீரையும் சேர்த்துக் காய்ச்சிய ரிபொல்லீத்தா, ஆலிவ் எண்ணெய் ஊற்றிய ரொட்டி, ஒரு கோப்பை கியாந்தி ஒயின் கிடைக்கும். ஒரு வட்டாரத்தைக் காப்பாற்ற நினைப்பவர்கள் இதைவிட அழகாக ஒரு வழி கண்டுபிடித்திருக்க முடியாது என்றே நினைக்கிறேன். அந்த 209 கிலோமீட்டர் தடம் இப்போது வழிகாட்டிப் பலகைகளோடு ஆண்டு முழுவதும் யாருக்கும் திறந்திருக்கிறது.

எரோய்க்காவைப் பார்த்துத்தான் தொழில்முறை வீரர்களுக்கான பந்தயமும் 2007இல் பிறந்தது. பெயர் 'ஸ்த்ராதே பியான்கே'. முடிவது எங்கே தெரியுமா? சியெனா நகரின் காம்ப்போ சதுக்கத்தில், குதிரைப் பந்தயத்துக்குப் பேர்போன அதே இடத்தில்! அதற்குச் சற்று முன் கல் பாவிய குறுகலான சாந்த்தா கத்தரீனா தெரு. அங்கே ஏற்றம் 16 சதவீதம். நாள் முழுக்க முன்னணியில் வந்த வீரர்கள் கடைசி நிமிடத்தில் அந்தத் தெருவில் தோற்றுப்போகிறார்கள். சுவிட்சர்லாந்தின் ஃபாபியன் கான்செல்லாரா 2008, 2012, 2016 என மூன்று முறை வென்றதால், ஒரு மண்சாலைப் பகுதிக்கே அவர் பெயரைச் சூட்டிவிட்டார்கள்.

வெள்ளைச் சாலை ஏற்றத்தில் இன்னொரு வேடிக்கை. தார்ச்சாலையில் ஏற்றம் வந்தால் எழுந்து நின்று மிதிப்போம். இங்கே எழுந்தால் பின்சக்கரத்தின் மேல் இருக்கும் எடை குறைந்து, டயர் பிடிமானம் இழந்து நின்ற இடத்திலேயே சுழலும்! சீட்டிலேயே உட்கார்ந்து, உடம்பை முன்னால் சற்றுச் சாய்த்து, சின்ன கியரில் சீராக மிதிப்பதுதான் வழி. டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்தால் பிடிமானம் இன்னும் கூடும்.

கியாந்தி ஒயின் பாட்டிலில் இருக்கும் கருஞ்சேவல் சின்னத்துக்கும் இந்தச் சாலைகளுக்கும் தொடர்பு உண்டு. ஃபுளோரன்சும் சியெனாவும் எல்லைக்காகச் சண்டையிட்டு ஓய்ந்தபோது, சேவல் கூவியதும் இரு ஊரிலிருந்தும் ஒவ்வொரு குதிரைவீரர் கிளம்பட்டும், சந்திக்கும் இடமே எல்லை என்று முடிவானதாம். ஃபுளோரன்ஸ்காரர்கள் ஒரு கறுப்புச் சேவலைப் பட்டினி போட்டார்கள். பசி தாங்காமல் அது விடியுமுன்பே கூவிவிட்டது! வீரர்கள் சந்தித்தது சியெனாவுக்கு அருகிலுள்ள ஃபொன்தெருத்தோலியில் என்கிறது கதை. சியெனாவிலிருந்து சைக்கிளில் ஒரு மணி நேரத்தில் அந்த ஊரைத் தொட்டுவிடலாம்.

சரி, கியாந்தியை விட்டுக் கிழக்கே வாருங்கள். காசெந்தீனோ! ஃபுளோரன்ஸ் வழியாக ஓடும் ஆர்னோ ஆறு 241 கிலோமீட்டர் பயணத்தைத் தொடங்குவது இங்கே, ஃபால்தெரோனா மலையில். 1993இல் தேசியப் பூங்காவான இந்தக் காட்டுக்குள் ஓநாய்கள் திரிகின்றன. 1,296 மீட்டர் உயரத்திலுள்ள கால்லா கணவாயை நோக்கி மிதிக்கும்போது, ஓக் மறைந்து செஸ்நட் வரும், செஸ்நட் மறைந்து பீச் வரும், பீச்சோடு வெள்ளி ஃபிர் மரங்கள் கலந்து நிற்கும். உயரம் மாறுவதை மரத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

இந்த ஃபிர் மரங்களை வளர்த்தவர்கள் துறவிகள் என்பது தெரியுமா? 1012 வாக்கில் புனித ரொமுவால்து கமால்தோலியில் ஒரு தவச்சாலை அமைத்தார். அவர் வழிவந்த துறவிகள் நூற்றாண்டுக் கணக்கில் காட்டை நட்டார்கள், வெட்டினார்கள், மறுபடி நட்டார்கள். 1520இல் அவர்கள் அச்சிட்ட துறவு விதிநூலில் காட்டைப் பேணுவதற்கும் விதிகள் இருந்தன! காசெந்தீனோவில் வெட்டிய மரங்களை எருதுகள் இழுத்து வந்து ஆர்னோ கரையில் சேர்க்கும். அங்கே தெப்பமாகக் கட்டி மிதக்கவிட்டால் ஃபுளோரன்ஸ் போய்ச் சேரும். ஃபுளோரன்ஸ் பேராலயக் கட்டுமானத்துக்கு மரம் கொடுத்தது இந்தக் காடு. கமால்தோலியின் பழைய மருந்தகத்துக்கு வெளியே சைக்கிளைச் சாத்திவிட்டு அண்ணாந்து பார்த்தால், மனிதர் கையால் ஒரு காட்டை இவ்வளவு காலம் வாழவைக்க முடியும் என்பது புரியும்.

கொஞ்ச தூரத்திலேயே அதற்கு நேரெதிரான ஓர் இடம் இருக்கிறது. சாஸ்ஸோ ஃப்ரத்தீனோ. 1959இல் இத்தாலி முற்றிலுமாகப் பூட்டிவைத்த முதல் காடு. ஆராய்ச்சிக்குத் தவிர யாரும் உள்ளே போக முடியாது, சைக்கிளும் கூடாது, நடையும் கூடாது. 500 ஆண்டுகளைத் தாண்டிய பீச் மரங்கள் அங்கே உண்டு. 2017இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. நாம் மிதித்துப் போகும் பாதைக்குப் பக்கத்திலேயே, யாரும் கால் வைக்காத ஒரு காடு இருக்கிறது என்பதே போதும்!

இந்த வட்டாரத்தின் மிகப் பெரிய சைக்கிள் கதையை இனிமேல்தான் சொல்லப்போகிறேன். ஜீனோ பார்த்தாலி! 1914இல் ஃபுளோரன்சை ஒட்டிய பொந்த்தே ஆ ஏமாவில் பிறந்தவர். 1938இல் டூர் டி பிரான்ஸ் வென்றார். பத்தாண்டு கழித்து 1948இல் மறுபடியும் வென்றார். நடுவில் இருந்தது உலகப் போர். அந்தப் போரின்போது அவர் என்ன செய்தார் தெரியுமா?

1943–44இல் ஜெர்மன் படை பிடியிலிருந்த இத்தாலியில் யூதர்கள் வேட்டையாடப்பட்டார்கள். ஃபுளோரன்ஸ் கர்தினால் எலியா தால்லா கோஸ்தா ஒரு ரகசிய மீட்புப் பணியை நடத்தினார். அசீசியில் போலி அடையாள அட்டைகள் அச்சாகும். அவற்றைக் கொண்டுவர வேண்டும். பார்த்தாலி பயிற்சிக்குப் போவதுபோல் சைக்கிளை எடுப்பார். சீட்டைக் கழற்றி, அது செருகியிருந்த குழாய்க்குள் புகைப்படங்களையும் தாள்களையும் சுருட்டித் திணித்து, மறுபடி சீட்டைச் செருகி இறுக்குவார். ஃபுளோரன்சிலிருந்து அசீசிக்கு ஒரு வழிக்கே 170 கிலோமீட்டருக்கு மேல், அத்தனையும் மலைநாடு! வழியில் படையினர் மறித்தால், எல்லாம் வேகத்துக்காக அளந்து பொருத்தியது, சைக்கிளைத் தொடாதீர்கள் என்பாராம். பிடிபட்டிருந்தால் உயிர் போயிருக்கும். ஒரு யூதக் குடும்பத்தைத் தன் நிலவறையிலும் மறைத்து வைத்தார். போர் முடிந்ததும் இதைப் பற்றி ஊருக்குச் சொல்லவே இல்லை. 2000இல் இறந்தார். 2013இல்தான் இஸ்ரேலின் யாத் வாஷெம் நிறுவனம் அவரை, யூதர்களைக் காத்த நல்லோர் பட்டியலில் சேர்த்தது. டூர் டி பிரான்ஸ் கோப்பைகளைவிட அந்த சீட் குழாய்தான் அவருடைய பெரிய வெற்றி என்பேன்.

அசீசியைத் தாண்டினால் உம்ப்ரியாவில் இன்னொரு விருந்து. ஸ்போலேட்டோவிலிருந்து நோர்ச்சா வரை 1926இல் மலைரயில் விட்டார்கள். 1968இல் மூடிவிட்டார்கள். 51 கிலோமீட்டரில் 19 சுரங்கங்கள், 24 பாலங்கள்! அந்தத் தடம் இப்போது சைக்கிள்காரர்களுக்கு. ஒரு சுரங்கம் சுமார் 2 கிலோமீட்டர், உள்ளே கும்மிருட்டு, கோடையிலும் குளிர் நடுக்கும்.

போக நினைப்பவர்கள் ஏப்ரல் முதல் ஜூன் வரை அல்லது செப்டம்பர், அக்டோபரைத் தேர்ந்தெடுங்கள். ஜூலை, ஆகஸ்ட் வெயில் கியாந்தி ஏற்றங்களில் வாட்டிவிடும். சைக்கிள் சின்னம் போட்ட பிராந்திய ரயில்களில் தனி டிக்கெட் எடுத்து சைக்கிளை ஏற்றிக்கொள்ளலாம். அரெஸ்ஸோவிலிருந்து ஸ்தியா போகும் சிறுரயில் காசெந்தீனோவின் வாசலிலேயே இறக்கிவிடும். 2016 நிலநடுக்கத்தில் நோர்ச்சா பக்கம் அந்தப் பழைய ரயில் தடம் சேதமானதால், எந்தப் பகுதி திறந்திருக்கிறது என்று ஸ்போலேட்டோவில் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். ஊருக்கு வெளியே இருட்டிய பிறகும் சுரங்கங்களிலும் ஒளியைப் பிரதிபலிக்கும் மேற்சட்டை அணிய வேண்டும் என்பது 2010 முதல் இத்தாலியச் சட்டம். விளக்கோடு அதையும் மறக்காமல் பையில் வையுங்கள்.