பெயரை மறுக்கும் படிவம்

கோலார் தங்கவயலின் சுரங்கப் பகுதிகளுள் ஒன்று நந்திதுர்க். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி முதல் வட ஆற்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் பல தங்கவயலுக்கு வந்து குடியேறின. சுரங்கங்கள் 2001ஆம் ஆண்டு மூடப்பட்டன. அக்குடும்பங்களின் வழித்தோன்றல்கள் இன்று தேர்வுக்கும் வேலைக்கும் இணையப் படிவங்களை நிரப்புகின்றனர்.

இக்கால இணையப் பக்கங்கள் சிறுசிறு கூறுகளால் கட்டப்படுகின்றன. பெயர்க் கட்டம் ஒரு கூறு; அஞ்சல் குறியீட்டு எண்ணுக்குரிய கட்டம் மற்றொரு கூறு. அவற்றை உள்ளடக்கிய படிவம் தாய்க் கூறு ஆகும். நாம் தட்டும் எழுத்துகளைக் கட்டம் தாய்க் கூறுக்குத் தெரிவிக்கும். தாய்க் கூறு அவற்றை விதியோடு ஒப்பிட்டு ஏற்கும். அல்லது பிழையைச் சுட்டும். இதுவே சரிபார்ப்பு எனப்படும்.

பிழையை எப்போது சுட்ட வேண்டும்? அஞ்சல் குறியீட்டு எண் 6 இலக்கங்கள் கொண்டது. முதல் இலக்கத்தைத் தட்டியவுடனே ‘பிழை’ எனக் காட்டுவது, பேசி முடிக்காதவரை இடைமறிப்பது போன்றது. கட்டத்தை விட்டு நீங்கியபின் சுட்டுவதே நன்று. திருத்தியவுடன் அச்செய்தி மறைந்துவிட வேண்டும்.

விதியே தவறாக இருந்தால் என்ன ஆகும்? தமிழர் பலருக்குக் குடும்பப்பெயர் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்தே உண்டு. குடும்பப்பெயர் கட்டாயம் என விதித்தால், ஒருவர் தந்தையின் முழுப்பெயரை இடுவார்; மற்றொருவர் முதலெழுத்தை மட்டும் இடுவார். ஒருவரே ஒரு படிவத்தில் ஒருவகையாகவும் வேறொன்றில் வேறுவகையாகவும் இட்டால், சான்றிதழ்களில் பெயர் மாறுபடும். அக்கட்டத்தைக் கட்டாயமற்றதாக்குவதே தீர்வு.

மற்றொரு சிக்கலும் உண்டு. ‘நந்திதுர்க்’ என்னும் சொல்லில் நாம் எண்ணும் எழுத்துகள் 6. ஒருங்குறி முறையிலோ உயிர்மெய்க் குறிகளும் புள்ளிகளும் தனித்தனியே எண்ணப்படுவதால் அவை 11 ஆகின்றன. ஊர்ப்பெயர் 10 குறிகளுக்கு மேற்படக் கூடாது என்னும் விதி இவ்வூரையே மறுத்துவிடும்!

உலாவியில் நடக்கும் சரிபார்ப்பைத் தவிர்த்தும் தகவலை அனுப்ப இயலும். ஆகவே, சேவையகமும் அதனை மீண்டும் சரிபார்க்க வேண்டும். பிழைச் செய்தி தவறு எது, திருத்தம் எது என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். மனிதரின் பெயருக்கேற்ப விதியை அமைக்க வேண்டுமேயன்றி, விதிக்கேற்பப் பெயரை மாற்றுதல் தகாது.

சொற்பொருள்
வழித்தோன்றல்கள் – பின்வந்த தலைமுறையினர்
இடைமறித்தல் – நடுவே தடுத்தல்
தகாது – பொருந்தாது

பயிற்சி
1. பிழையை உடனே சுட்டுவது ஏன் நன்றன்று?
2. உம் பெயரை எழுதி, எழுத்துகளையும் ஒருங்குறிக் குறிகளையும் எண்ணுக.
3. உம் வீட்டார் பெயர்களை ஏற்கும் வகையில் பெயர்க் கட்டத்திற்கு இரண்டு விதிகள் எழுதுக.