நினைவும் மறதியும்: உளநூலுக்கு ஒரு தோற்றுவாய்

கல்லூரி மாணவர் வாயில் அடிக்கடி கேட்கப்படும் முறைப்பாடுகளுள் ஒன்று, "எனக்கு நினைவாற்றல் இல்லை" என்பதாம். எம்முடன் முதலாண்டிற் பயின்ற தோழர் ஒருவர், ஒவ்வொரு பாடத்தையும் ஒரே இரவிற் பத்துமுறை வாசித்து முடிப்பார். பின்னர்த் தேர்வு வருமளவும் அதனைத் திரும்பிப் பாரார். தேர்வு மண்டபத்திலோ, படித்தவற்றிற் பாதியும் அவர்க்குத் தோன்றுவதில்லை. இருமுறை தேர்விற் றவறியபின், தம் அறிவு மழுங்கிய அறிவு என்று தாமே தீர்ப்பெழுதிக்கொண்டு கல்லூரியை விட்டு நீங்கினார். அந்நாளில் அவர்க்கு யாம் கூறிய அறிவுரை, "இன்னும் பலமுறை வாசியுங்கள்" என்பதே. அது நோயறியாது கொடுத்த மருந்து என்பதை, உளநூலின் தொடக்கப் பாடங்களைக் கற்ற பின்னரே உணர்ந்தோம். அங்ஙனம் உணர்ந்தவற்றை ஈண்டுச் சுருக்கிக் கூறுவோம்.

உளநூலாவது, மனத்தின் தொழில்களையும் மாந்தரின் ஒழுகலாறுகளையும் முறைப்பட ஆராயும் அறிவியல். புலன்வழி அறிதல், கவனித்தல், கற்றல், நினைத்தல், உணர்ச்சிவயப்படுதல் முதலியன அதன் ஆராய்ச்சிப் பொருள்கள். நெடுங்காலம் மெய்ப்பொருள் நூலின் ஒரு கூறாக இருந்த இது, 1879 ஆம் ஆண்டில் செருமனி நாட்டு லைப்சிக் பல்கலைக் கழகத்தில் வில்லெம் வுண்ட் என்பார் ஆய்வுக்கூடம் நிறுவிய காலந்தொட்டுத் தனியறிவியலாகத் தலையெடுத்தது. பிறர் சொல்லைக் கேட்டு அமையாது, அளந்தறிந்து முடிவு காண்டலே இதன் நெறி.

நினைவை அளத்தல் கூடுமோ எனின், கூடும் என்று காட்டினார் எர்மன் எபிங்காசு என்னும் செருமானிய அறிஞர். பொருளுள்ள சொற்களை எடுத்துக்கொண்டால் முன்னறிவு இடைபுகும் என்று கருதி, இரண்டு மெய்களுக்கு நடுவே ஓர் உயிர் அமைந்த பொருளற்ற அசைகள் ஏறத்தாழ 2300 அமைத்துக்கொண்டார். அவற்றைக் கோவை கோவையாக மனனஞ் செய்து, சில நாழிகையோ சில நாளோ கழித்து மீண்டும் கற்றார். முதன்முறைக்கு ஆன உழைப்பில் மறுமுறை எவ்வளவு மிச்சமாயிற்றோ, அதுவே எஞ்சி நின்ற நினைவின் அளவு என்று கொண்டார். ஆசிரியரும் அவரே, மாணவரும் அவரே.

1885 இல் அவர் வெளியிட்ட நூலின்படி, ஏறத்தாழ 20 நிமிடம் கழிந்தபின் மிச்சம் நூற்றுக்கு 58. ஒரு மணி நேரத்தின்பின் 44. ஒரு நாளின்பின் 34. ஆறு நாளின்பின் 25. ஒரு திங்களின்பின் 21. மறதி முதலில் விரைந்தோடிப் பின் மெல்ல நடக்கின்றது என்பது இதனாற் புலனாம். 2015 இல் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக் கழகத்தார் இவ்வாய்வை மீண்டும் நிகழ்த்தியபொழுதும் இதனையொத்த முடிவே கிடைத்தது. எனவே, கற்றதனை மறத்தல் மழுங்கிய அறிவின் அடையாளமன்று, மனத்தின் இயல்பேயாம்.

அவர் கண்ட பிறிதோர் உண்மை எம் தோழர்க்கு நேரே பொருந்துவது. பன்னிரண்டு அசைக் கோவை ஒன்றை ஒரே நாளில் 68 முறை ஓதியதனால் விளைந்த பயன், மூன்று நாட்களிற் பகுத்து 38 முறை ஓதியதனாலேயே விளைந்தது. உழைப்புக் குறைந்தும் பயன் குறையவில்லை. மேலும், பைரன் என்னும் ஆங்கிலப் புலவரின் செய்யுளைக் கற்கையில், பொருளற்ற அசைகளுக்கு வேண்டிய உழைப்பிற் பத்தில் ஒரு பங்கே போதியதாயிற்று. பொருளும் யாப்பும் நினைவிற்கு ஊன்றுகோல்கள் என்பது தெளிவு.

இனி, வாசித்தலினும் சிறந்த வழியொன்று உண்டு. அமெரிக்க நாட்டு ரோடிகர், கார்ப்பிக் என்னும் இருவர் 2006 இல் வெளியிட்ட ஆய்வில், மாணவருட் சிலர் ஓர் உரைப்பகுதியை மீண்டும் வாசித்தனர். சிலர் நூலை மூடி, நினைவில் நின்றதை எழுதினர். ஐந்து நிமிடங் கழித்துச் சோதித்தபொழுது மீண்டும் வாசித்தோரே சிறந்தனர். ஆனால் ஒரு வாரத்தின்பின் அவர்க்கு நூற்றுக்கு 42 பகுதியே நினைவிருக்க, எழுதிப் பார்த்தோர்க்கு 56 பகுதி நினைவிருந்தது. மீட்டும் மீட்டும் வாசிக்கையில் எழுத்துகள் கண்ணுக்குப் பழகிவிடுகின்றன. அப்பழக்கத்தை அறிவென்று மயங்குகின்றோம். எம் தோழரை ஏமாற்றியதும் இம்மயக்கமே போலும்.

தமிழ் பயில்வார்க்கு இவ்வுண்மைகள் முற்றும் புதியன அல்ல. பதின்மூன்றாம் நூற்றாண்டினராகிய பவணந்தி முனிவர், நன்னூற் பாயிரத்தில், பாடத்தைப் போற்றுதலும், கேட்டவற்றை மீண்டும் சிந்தித்தலும், உடன் பயில்வாரொடு வினாவி விடை கூறுதலும் மாணாக்கன் கடன் என்கின்றார். ஆசிரியர் கூறியதை நன்கு கொள்ளினும் புலமையிற் காற்கூறே கைவரும்; உடன் பயில்வாரொடு பழகுதலால் மற்றொரு காற்கூறும், பிறர்க்கு எடுத்துரைத்தலால் எஞ்சிய பாதியும் நிரம்பும் என்பது அவர் கொள்கை. அவர் எண்ணி அளந்து கூறினாரல்லர்; எனினும் நீண்ட பயிற்சியிற் கண்டதனைக் கூறினார்.

ஆதலின் தோழர்காள்! அன்று கேட்ட பாடத்தை அன்றிரவே நூலை மூடிவைத்து நினைந்து எழுதுமின், மறுநாளும், வாரத்தின்பின்னும், திங்களின்பின்னும் அங்ஙனமே செய்ம்மின், நண்பர்க்கு எடுத்துரைமின். அப்பொழுது தோன்றும் தடுமாற்றங்கண்டு அஞ்சற்க. எது நிலைபெற்றது, எது நிலைபெறவில்லை என்று காட்டும் கண்ணாடி அதுவே.

மாந்தரெல்லார்க்கும் நினைவாற்றல் ஒரே அளவினது என்று யாம் கூறவில்லை. ஆயினும், முறையறியாது உழைத்துத் தோற்றவர் தம்மை அறிவிலிகள் என இகழ்ந்துகொள்ளுதல் பிழை. இனி ஒரு தோழர் எம்பால் வந்து, "எனக்கு நினைவாற்றல் இல்லை" என்பாராயின், "இன்னும் வாசியுங்கள்" என்று யாம் கூறோம், "எவ்வாறு கற்றீர்?" என்றே முதற்கண் வினவுவோம்.